பட்டியலில் இல்லாதவன்

1943 ஆகஸ்ட் 9, திங்கள்.

நான் வேலை பார்த்த பத்திரிகையை மூடிய பிறகு, மலாயாவின் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கிராணியாகப் பெயரும் கணக்கும் எழுதுகிறேன். போனவர்கள் திரும்பி வராத சயாம் ரயில் பாதை வேலைக்கு இருபது ஆண்கள் வேண்டுமென்று ஜப்பான் அதிகாரி கேட்டிருந்தான். பட்டியலை எழுதியவன் நான். தங்கை மரியாவின் கணவன் ஆரோக்கியத்தை விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளை இல்லாத மாரிமுத்துவைச் சேர்த்தேன்.

"உன் பேரு இல்ல மச்சான். காலையில எப்பவும் போல பெரட்டுக்கு வந்து வரிசையில நில்லு. வரலன்னாத்தான் சந்தேகப்படுவான்" என்று நேற்று ஆரோக்கியத்திடம் சொன்னேன்.

"கிராணி மச்சான் இருக்கையில நமக்கென்னலா" என்று சிரித்தான்.

பட்டியலில் இருந்தவர்களுக்கு எப்படியோ சேதி போய்விட்டது. விடியுமுன் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார்கள். காலைப் பெரட்டில் பெயர் கொடுக்க வரிசையாக நின்றவர்கள், பட்டியலில் தங்கள் பெயர் இல்லை என்று நம்பியவர்கள்தான். அதிகாரி என் தாளைப் பார்க்கவே இல்லை. முன்னால் நின்ற இருபது பேரை லாரியில் ஏற்றச் சொன்னான். தாளை நீட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தேன். ஆரோக்கியம் அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். லாரி தானா ராத்தா டவுன் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

சாயங்காலம் மாரிமுத்து காட்டிலிருந்து திரும்பினான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மரியா அழவில்லை.

"அவரு பேருதான் அதுல இல்லயேண்ணே. நாளைக்கு அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்க, விட்டுருவாங்க" என்றாள்.

சரி என்று சொல்லியிருக்கிறேன்.