இரண்டு மில்லிமீட்டர்

பெர்கன், மார்ச் 2

அன்புள்ள தோர்கெயருக்கு,

கையால் எழுதியிருக்கிறேனே என்று திகைக்காதே. மருத்துவமனை மின்னஞ்சலில் எழுதினால் எல்லாம் பதிவில் ஏறிவிடும். இது இப்போதைக்கு நம் இருவரோடு இருக்கட்டும். இங்கே மழை நின்றபாடில்லை. உன் பனிச்சறுக்குக் கட்டைகள் இன்னும் நிலவறையில் என் சைக்கிளை மறித்துக்கொண்டு நிற்கின்றன. பிரிந்து போகிறவன் தன் சாமானையும் எடுத்துக்கொண்டு போவான் என்று நம்பிய என்னைச் சொல்ல வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வியாழன் ஒரு மீன் பண்ணைக்காரரின் மூளை ஸ்கேன் வந்தது. இடப்பக்கம், பேச்சுக்கான பகுதியை ஒட்டி ஒரு கட்டி. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று, கட்டியின் எல்லையை நானே கையால் வரைந்தேன். பிறகு நீ எழுதிய கணினி நிரலை வரையவிட்டேன். அதன் கோடு என் கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் வெளியே, பேச்சுப் பகுதிக்குள் போகிறது. இன்னும் பன்னிரண்டு பேருடையதைப் பார்த்தேன். எல்லாமே அப்படித்தான்.

மே நான்கிலிருந்து இங்கே கதிர்வீச்சு சிகிச்சையை உன் நிரலின் கோட்டை வைத்துத்தான் திட்டமிடப் போகிறார்கள். கோடு போகிற இடமெல்லாம் கதிரும் போகும். அந்த மனிதர் பிழைத்து எழுந்து, மனைவி பெயரைச் சொல்ல வராமல் உட்கார்ந்திருந்தால்? சிகிச்சை மருத்துவர் மாக்னில்டிடம் சொன்னேன். "விடு சுன்னீவா, மெஷின் உன்ன மாதிரி ஆறு காபி குடிச்சிட்டு கோடு போடறதில்ல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு நாளாகச் சரியான தூக்கமும் இல்லை.

ஏன் இப்படி என்று பார்த்துச் சொல்.

சுன்னீவா

*

த்ரொன்ஹைம், மார்ச் 11

அன்பு சுன்னீவா,

உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் விவாகரத்துப் பத்திரமோ என்று கொஞ்ச நேரம் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

வீணாகக் கவலைப்படுகிறாய். நிரலுக்கு ஆழ்கற்றல் முறையில் நாம் காட்டிப் பழக்கியவை நீ வரைந்த 386 ஸ்கேன்கள். வேறு எவர் கையையும் அது பார்த்ததில்லை. சோதனையில் உன் கோட்டோடு நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்கு ஒத்துப்போனது. இரண்டு மருத்துவர்களை ஒரே படத்தின் முன்னால் உட்காரவைத்தால் நீங்கள் அவ்வளவு ஒத்துப்போக மாட்டீர்கள். இந்த நேரத்தில் சந்தேகத்தைக் கிளப்பினால் என் குழுவையே கலைத்துவிடுவார்கள். ஐந்து பேர் இருக்கிறோம்.

ஈஸ்டருக்கு நம் விடுமுறைக் குடில் உன் முறை. கொட்டகைச் சாவி பழைய இடத்தில்தான். வந்த நாளையும் வானிலையையும் குடில் புத்தகத்தில் எழுது. போன முறை தேதியே போடவில்லை நீ. தூங்கு.

தோர்கெயர்

*

குடில், ஈஸ்டர் சனி, ஏப்ரல் 4

தோர்கெயருக்கு,

நீ சொன்னபடி புத்தகத்தைத் திறந்தேன்.

தம்பி ஓட்டார் இறந்ததிலிருந்து நான் அதைப் பின்னால் புரட்டியதே இல்லை. அவன் கையெழுத்து எங்காவது எதிர்ப்படும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதி மூடிவிடுவேன். இன்று தேதியைச் சரிபார்க்கப் போய்ப் பக்கங்கள் புரண்டுவிட்டன. ஓட்டார் இறந்த வருடத்து அக்டோபரில் நீ தனியாக வந்த வாரம். நீ எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்:

"மூடுபனி. விறகு இரண்டு கூடை. வேலியோரம் செம்மறிகள். சு. வரைந்த கோடுகளை அளந்து பார்த்தேன். ஓட்டார் அடக்கத்துக்குப் பிறகு வரைந்த 240-இலும் கோடு சுமார் மூன்று மி.மீ. வெளியே. அவளிடம் சொல்லவில்லை."

வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிக்கும் புத்தகத்தில், விறகுக் கணக்குக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாய்.

ஓட்டாரின் முதல் ஸ்கேனைப் படித்தது நான்தான். பெயரைப் பார்த்தும் வேறு ஆளிடம் கொடுக்கவில்லை. பின் ஓரத்தில் மங்கலாக இருந்ததை வெறும் வீக்கம் என்று கோட்டுக்கு வெளியே விட்டேன். எட்டு மாதத்தில் கட்டி அங்கிருந்தே வளர்ந்தது. அதற்கப்புறம் எந்த ஓரத்தையும் வெளியே விட எனக்குக் கை வரவில்லை போலிருக்கிறது. வரையாமல் இருந்த இந்த ஒன்றரை வருடத்தில்தான் கை பழையபடி ஆகியிருக்க வேண்டும். சத்தியமாக எனக்கே தெரியாது. உன் நிரல் என்னிடம் கற்றுக்கொண்டது என் பயத்தை.

உனக்குத் தெரிந்திருந்தது. மார்ச்சில் கேட்டபோதும் தெரிந்திருந்தது.

சுன்னீவா

*

த்ரொன்ஹைம், ஏப்ரல் 13

சுன்னீவா,

அந்த வரியை எழுதியது நினைவிலேயே இல்லை. விஷயம் மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் நீ ஓட்டாரின் கம்பளிச் சட்டையோடு தூங்கினாய். சாப்பாடு இறங்கவில்லை. காலை ஆறு மணிக்கு வரையப் போய்விட்டு வந்தால்தான் உன் முகத்தில் கொஞ்சம் உயிர் இருந்தது. அந்த வேலையும் தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்? பிறகு எண்கள் நன்றாக வந்தன, பணம் ஒதுக்கினார்கள், பாராட்டினார்கள். சோதனைக்கு வைத்தவையும் நீ பிற்பாடு வரைந்தவைதான். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? அப்போது நான் மறைத்தது உனக்காக இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல்தான் வேலையைச் சாக்கிட்டு இங்கே வந்தேன்.

ஒன்று கேட்கிறேன். மே மாதம் தொடங்கட்டும். கோடையில் சத்தமில்லாமல் திருத்திவிடுவோம்.

தோர்கெயர்

*

பெர்கன், ஏப்ரல் 20

தோர்கெயருக்கு,

முடியாது. மீன் பண்ணைக்காரருக்கு மே பதினொன்றில் சிகிச்சை தொடங்குகிறது.

இன்று துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். 240 கோடுகள் தவறு, வரைந்தவள் நான், காரணமும் இது என்று. மாக்னில்ட் படித்துவிட்டு, "ரெண்டு வருஷமா இத தனியாவா தூக்கிட்டு அலைஞ்ச?" என்றாள். அவளும் நானும் இனி தனித்தனியே வரைந்து ஒப்பிடப் போகிறோம். ஒரு நாளைக்கு எட்டு.

நீ அறிந்திருந்ததை நான் எழுதவில்லை. அதை எழுத வேண்டியவன் நீ.

சுன்னீவா

*

த்ரொன்ஹைம், மே 8

அன்பு சுன்னீவா,

எழுதிவிட்டேன். எந்த அக்டோபரிலிருந்து தெரியும் என்பதோடு. தொடக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். குழு தப்பித்தது, என் தலைமை போயிற்று. போனது நியாயம்தான்.

உனக்கு ஆறுதலான செய்தி ஒன்று. நீ அடக்கத்துக்கு முன் வரைந்த 146-ஐ மட்டும் காட்டி நிரலை மறுபடி பழக்கினேன். பிறகு, நீ ஆராய்ச்சிக்கென்று எழுதிக் கொடுத்திருந்த ஓட்டாரின் முதல் ஸ்கேனை அதனிடம் கொடுத்தேன். அதுவும் அந்தப் பின் ஓரத்தை வெளியேதான் விட்டது. உன் மேல் தப்பில்லை, சுன்னீவா. யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள்.

தோர்கெயர்

*

பெர்கன், மே 18

அன்புள்ள தோர்கெயருக்கு,

நேற்று தேசிய தினம். ஊர்வலத்து மேளம் எங்கள் ஜன்னல்வரை கேட்டது. நானும் மாக்னில்டும் வரைந்துகொண்டிருந்தோம். மீன் பண்ணைக்காரருக்கு எங்கள் கைக் கோட்டின்படி சிகிச்சை நடக்கிறது. மூன்றாம் நாள் என்னிடம் மீன் விலையைப் பற்றி அரைமணி நேரம் அறுத்துத் தள்ளினார். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷம்.

உன் ஆறுதலை நான் ஏற்கவில்லை. அந்த 146-ஐயும் வரைந்தவள் நான்தானே? என் கண்ணைக் கொடுத்துப் பழக்கிவிட்டு, அதுவும் என்னைப் போலவே விட்டது என்கிறாய். நீயும் ஒரு நிரலாளன்.

அதனால் பெயரை மறைத்து ஓட்டாரின் ஸ்கேனை மாக்னில்டிடம் கொடுத்தேன். அவள் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, பின் ஓரத்தையும் உள்ளே சேர்த்து வரைந்தாள். தயங்கவே இல்லை.

ஆக, அன்று தவறவிட்டவள் நான்தான். கழிப்பறையில் போய் அழுதேன். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து விடியும்வரை தூங்கினேன், இரண்டு வருடத்தில் முதல் முறையாக. உறுதியாகத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். என் கோடுகள் விலகியதை அந்த அக்டோபரிலேயே நீ சொல்லியிருந்தால் நான் உடைந்துதான் போயிருப்பேன். ஆனால் நீ பக்கத்தில் இருந்திருப்பாய். என் கோபமெல்லாம் அதற்குத்தான்.

பனிச்சறுக்குக் கட்டைகளைக் காரில் ஏற்றிவிட்டேன். ஜூன் இருபதாம் தேதி குடிலுக்குக் கொண்டுவருகிறேன். அது உன் வாரம் என்று எனக்குத் தெரியும்.

சுன்னீவா