பதினைந்து வாட்

திருவட்டாறு
19-8-2024

அன்புள்ள ஷிஜினுக்கு,

நீயும் வீட்டாரும் நல்ல சுகத்தோடு இருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக. இங்கே நானும் பெமிலாவும் இருக்கிறோம். பிரீனா தாத்தாவின் அடக்கத்துக்கு வந்தவள், பரீட்சை இருக்கிறது என்று ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அப்பாவின் கட்டிலைப் பிரித்துச் சாய்த்து வைத்தாயிற்று. இவ்வளவு காலம் பக்கவாதத்தில் படுத்துக் கிடந்த மனுஷன் போனபிறகுதான் அந்த அறை எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

போனில் பேசாமல் எழுதுகிறேனே என்று நினைக்காதே. நீ தோஹாவிலிருந்து பேசினால் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் டவர் அவ்வளவு மோசம். நம்ம ஷாஜன் வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான். அதனால் அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் நம்ம கித்தார் ஆம்ப்தான். ஐந்து வாட்டைத் தேர்ந்தெடுத்ததில் நாம் தவறிவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். அன்றைக்கு நம்முடைய யோசனை சரியாகத்தான் இருந்தது. வால்வு ஆம்ப் என்றால் பழைய ரேடியோப் பெட்டிபோல உள்ளே கண்ணாடி வால்வு சூடேறி, அதைக் கொஞ்சம் வருத்தினால்தான் அந்தப் பிசிறும் கனிவும் வரும். பெரிய ஆம்பில் அந்த இடத்தைத் தொடவேண்டுமென்றால் தெருவே அதிரும். அடுத்த அறையில் அப்பா கிடக்கிறார். அதனால் சின்னது வேண்டும் என்றோம். ஒரு வாட் பெட்டியில் ஸ்பீக்கர் மிகச் சின்னது, டப்பாவுக்குள்ளிருந்து வருகிற ஒலி என்று நீ சொன்னாய். பதினைந்து வாட் மேடைக்குத்தான், வீட்டுக்கு ஆகாது என்றாய். மூன்றையும் கடையில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்து அனுப்பியது நீ. ஆர்க்கெஸ்ட்ராவில் நீ என் பக்கத்தில் நின்று பேஸ் கித்தார் வாசித்த காலத்திலிருந்து உன் காதை நம்பித்தானே எனக்குப் பழக்கம். ஐந்து வாட், எட்டு அங்குல ஸ்பீக்கர், தேவைப்பட்டால் அரை வாட்டுக்குக் குறைக்க ஒரு சுவிட்ச். பிப்ரவரியில் ஷாஜன் அதைக் கொண்டுவந்து இறக்கினபோது எனக்குப் பிள்ளை பிறந்ததுபோல் இருந்தது.

ஆனால் பெட்டி சோர்ந்துவிட்டது மக்கா. முதலில் அரை வாட்டே நிறைவாக இருந்தது. ஈஸ்டர் கழிந்ததும் ஐந்துக்கு மாற்றினேன். இப்போது வால்யூமைக் கடைசிவரை திருகினாலும் கம்பளி போட்டு மூடினதுபோல் கேட்கிறது. மேல் கம்பிகள் இரண்டும் செத்துக் கிடக்கின்றன. டிரெபிள் முழுசும் கூட்டிப் பார்த்தேன். பவர் வால்வை மாற்றினேன். சின்ன வால்வுகளையும் மாற்றினேன். கித்தாருக்குப் புதுக் கம்பி போட்டேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. மழைக்காலத்து ஈரத்தில் ஸ்பீக்கரின் காகிதம் ஊறிப் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

இனிமேல் அடுத்த அறையில் யாரும் இல்லை. பதினைந்து வாட்டையே எடுத்துவிடலாம். வாட் மூன்று மடங்கானால் சத்தமும் மூன்று மடங்காகாது, கொஞ்சம்தான் கூடும் என்று எனக்கும் தெரியும். ஆனால் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் கிடைத்தால் காற்று நன்றாகத் தள்ளும். நீ ஒருமுறை போய் வாசித்துப் பார். மேல் கம்பிகள் தெளிவாகக் கேட்கவேண்டும், அது ஒன்றுதான் எனக்கு முக்கியம்.

மார்த்தாண்டத்தில் வகுப்புக்குப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்து பேசுவதில்லை. சபையில் பாடகர் குழுவை நடத்தும் செல்வதாஸ், துக்க வீடல்லவா, கொஞ்ச நாள் ஓய்வெடும் என்று சொல்லிவிட்டார். பெமிலாவும் அப்பா போனபிறகு வாய்க்குள்ளேயே பேசுகிறாள்.

ஒரு ஆறுதல் எனக்கு உண்டு. அப்பாவின் கடைசி நேரத்தில் நான் அடுத்த அறையில் வாசித்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பிடித்த கீர்த்தனைதான். உறக்கத்திலேயே, அதைக் கேட்டுக்கொண்டே போய்விட்டார். எத்தனை பேருக்கு அப்படி ஒரு சாவு கிடைக்கும். அது நீ அனுப்பின பெட்டியால் ஆனது. அந்த நன்றியை நான் மறக்கமாட்டேன்.

பதில் எழுது. ஆண்டவர் உன்னோடு இருப்பாராக.

உன்
ஜெனித்


திருவட்டாறு
21-8-2024

மதிப்புக்குரிய ஷிஜின் அண்ணனுக்கு,

ஜெனித்தின் மனைவி பெமிலா எழுதுகிறேன். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும்.

அவர் உங்களுக்கு எழுதின கடிதத்தைக் கொண்டுவரும் ஷாஜனிடமே இதையும் கொடுத்தனுப்புகிறேன். அவருக்குத் தெரியாது. போனில் அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுத ஆரம்பித்தால் நாலு வரிக்குமேல் கை ஓடவில்லை. இது நாலு வரியில் அடங்குகிற காரியமும் இல்லை.

அண்ணா, நீங்கள் அனுப்பின பெட்டிக்கு ஒரு கேடும் இல்லை. சமையலறையில் நிற்கிற எனக்கு ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது. மேல் கம்பி செத்துவிட்டது என்று உங்களுக்கு எழுதியிருப்பார். அந்தக் கம்பிதான் எனக்கு ஊசியால் குத்துவதுபோல் கேட்கிறது. அவர் வாசிக்கும்போது சுவரில் காலண்டர் ஆடுகிறது. அடுத்த வீட்டுக் கோலப்பன் அண்ணன் வீட்டில் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிடுகிறார்கள். இதுவரை ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை.

போனது இவருடைய காது அண்ணா.

முதலில் கண்டுபிடித்தது பிரீனா. ஈஸ்டர் லீவுக்கு வந்தவள் பின்னால் நின்று இரண்டு மூன்று தடவை அப்பா அப்பா என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. அப்பா என்மேல் கோபமா என்று என்னிடம் வந்து கேட்டாள். நானும் அதன்பிறகுதான் கவனித்தேன். குக்கர் விசில் அவருக்குக் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்துச் சொன்னால் பாதி புரிகிறது. மீதியை அவராகவே நிரப்பிக்கொள்கிறார். வகுப்பில் பிள்ளைகள் சுருதி தப்பி வாசித்தாலும் நல்லது என்கிறாராம். அதனால்தான் பெற்றோர்கள் நிறுத்திவிட்டார்கள். செல்வதாஸ் ஐயாவும் மனம் நோகாமல் விலக்கத்தான் துக்க வீடு என்று சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷம் மேடையில் அந்தப் பெரிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நின்ற காது. நீங்களும் நின்றவர்தான், உங்களுக்குத் தெரியாததில்லை.

நாகர்கோவிலில் காது டாக்டரைப் பார்க்கலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. “இந்தக் காத வச்சித்தான் நான் சோறு திங்கேன். அதுக்கு என்ன கேடு?” என்றார். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

இவ்வளவுதான் என்றால் உங்களுக்குத் தனியாக எழுதியிருக்கமாட்டேன். இனி எழுதப்போவது கோலப்பன் அண்ணனையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

ஜூன் மாதம், மாமா இறந்த அன்று காலையிலிருந்தே மழை. நான் பள்ளிக்கூட ஆபீசில் வேலை முடிந்து சாயங்காலம் பஸ் இறங்கி வந்தேன். வளைவில் திரும்பும்போதே மழையையும் மீறிக் கித்தார் கேட்டது. நனைந்து வந்ததால் பின்பக்கமாக வீட்டுக்குள் நுழைந்தேன். மாமா கட்டிலில் இல்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் குப்புறக் கிடந்தார். நல்லாயிருந்த இடது கை கதவுத் திரையைப் பிடித்திருந்தது. திரை பாதி கிழிந்து தொங்கியது. அவர் தண்ணீர் குடிக்கிற செம்பு கித்தார் அறைச் சுவருக்குக் கீழே நெளிந்து கிடந்தது. சுவரில் அது பட்ட இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. ஒரு இடத்தில் மட்டும் இல்லை. எறிந்து, ஊர்ந்துபோய் எடுத்து, திரும்பவும் எறிந்திருக்கிறார்.

உடம்பில் இன்னும் சூடு இருந்தது. நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இவர் அதே கீர்த்தனையை இரண்டாவது தடவை ஆரம்பித்தார்.

நான் கோலப்பன் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் அப்போதுதான் டயர் கடையிலிருந்து வந்திருந்தார். ஓடிவந்து பார்த்தார். செம்பைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இரண்டு பேருமாக மாமாவைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினோம். நான் முகத்தைத் துடைத்துக் கண்ணை மூடினேன். அண்ணன் திரையைக் கழற்றிச் சுருட்டினார், செம்பைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். போகும்போது, “மக்கா, இது அவனுக்குத் தெரியாண்டாம். தெரிஞ்சா அவன் இருக்கமாட்டான்” என்றார். இவ்வளவும் நடந்து முடிகிறவரை அடுத்த அறையில் வாசிப்பு நிற்கவே இல்லை.

பிறகு நான் போய் இவர் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பி, “எப்பம் வந்த?” என்றார். மாமாவைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். பார்த்தார். காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, உறக்கத்திலேயே, பாட்டைக் கேட்டுக்கொண்டே போய்விட்டார் என்றார். வந்தவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னார். அடக்க ஆராதனையில் போதகரும் அதை எடுத்துப் பிரசங்கம் செய்தார். மகன் கையின் இசையோடு பரலோகம் போன தகப்பன் என்றார். ஜனங்கள் அழுதார்கள். கோலப்பன் அண்ணன் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒரு எழுத்தும் படிக்காமல் நின்றேன்.

இவர்மேல் குற்றம் சொல்ல எழுதவில்லை அண்ணா. மாமாவை இத்தனை காலமும் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் இவர்தான். அன்றைக்கும் தேநீர் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். கப் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கூப்பிட்டது கேட்டிருந்தால் ஓடியிருப்பார். கேட்கவில்லை.

பெரிய ஆம்பை அனுப்பவேண்டாம். கடையில் இல்லை என்றும் எழுதவேண்டாம். அப்படி எழுதினால் வேறு எங்காவது தேடுவார். அந்தச் சத்தம் மிச்சமிருக்கிற காதையும் தின்றுவிடும். இப்போதே டாக்டரிடம் போனால் மெஷின் வைத்தாவது கொஞ்சம் காப்பாற்றலாம் என்று எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் சொன்னார், அவருடைய தம்பிக்கு அப்படி ஆகியிருக்கிறது. அதற்கு முதலில் தன் காது போயிற்று என்று இவர் நம்பவேண்டும். நான் சொல்லி நம்பமாட்டார். ஒலி விஷயத்தில் உலகத்தில் ஒருத்தர் சொன்னால்தான் நம்புவார். அது நீங்கள்.

ஆனால் அதைக் காகிதத்தில் எழுதி அனுப்பிவிடாதீர்கள் அண்ணா. இதை நினைத்துத்தான் எனக்கு உறக்கமே இல்லை. பெட்டி நன்றாக இருக்கிறது, காதுதான் போயிற்று என்று தெரிந்த உடனே அவர் அதோடு நிற்கமாட்டார். எப்போதிலிருந்து என்று யோசிப்பார். ஈஸ்டரிலிருந்து என்று கண்டுபிடிப்பார். அதன்பிறகு கேட்காமல் போனவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு போவார். ஜூன் மாதத்து மழையில் வந்து நிற்பார். என் முகத்தைப் பார்த்து, அப்பா கூப்பிட்டாரா என்று கேட்பார். இல்லை என்று சொல்ல நான் பழகிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி முன்னால் நின்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். இவரோ இப்போது காதால் கேட்பதில்லை, முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறார். முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

அதனால் ஒரே ஒரு உபகாரம் கேட்கிறேன். கிறிஸ்மஸுக்கு லீவு கிடைத்தாலும் சரி, அதற்கு முன்னால் கிடைத்தாலும் சரி, வாருங்கள். நேரில் வந்து தேர்ந்தெடுக்கலாம், அதுவரை பொறு என்று அவருக்கு எழுதுங்கள். வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் வாயால் சொல்லுங்கள். சொன்ன அன்றைக்கே போய்விடாதீர்கள். எங்கள் வீட்டிலேயே தங்குங்கள். அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிற நேரத்தில் அந்த அறையில் நான் தனியாக இருக்கக்கூடாது. அவரும் தனியாக இருக்கக்கூடாது.

அண்ணியிடம் என் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. உங்கள் பயணத்தை அவர் தடையில்லாமல் நடத்தித் தருவாராக.

உங்கள் தங்கை
பெமிலா ஜெனித்