சைரன் ஒலித்தால் யார் வருவார்கள்

டெல்விச் முனை,
மார்ச் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் கென்ட்ராவுக்கு அம்மா எழுதுவது. அப்பா இன்று காலை இரண்டு முட்டையும் சாப்பிட்டு என் தட்டிலிருந்த ரொட்டியையும் கையைக் காட்டி வாங்கிச் சாப்பிட்டார், அதனால் இங்கே எல்லாரும் நலம் என்றே எழுதுகிறேன், என் இடுப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால். அங்கே கோடியாக் தீவில் உன் இருமல் நின்றதா, அந்த ஈர பூட்ஸோடு நாள் முழுக்க ஆற்றில் நிற்காதே, மீனை எண்ணுவதற்கு உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், மீனாகவே இருப்பதற்கு இல்லை. ஏரியில் பனிக்கட்டி இன்னும் முழுதாக உடையவில்லை, அணுமின் நிலையத்தின் வெந்நீர் விழுகிற இடத்தில் மட்டும் வழக்கம்போல் திறந்து கிடக்கிறது, கழுகுகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வேலையை விட்டுவிட்டுப் பள்ளி விடுமுறைக்குள் வீட்டோடு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இணையத்தில் உன் பெயரைத் தட்டிப் பார்த்தேன், கூட்டத்தில் நீ பேசியது வார்த்தை மாறாமல் இருக்கிறது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாய். சொல்லாததற்குக் காரணம், சொன்னால் நீ இப்படித்தான் எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். இனி மறைத்துப் பயனில்லை, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், படித்து முடிக்கும்வரை போனை எடுக்காதே.

நிலையத்தின் உரிமத்தை இன்னும் இருபது வருடம் நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், கொடுத்துவிட்டால் அதற்கு எண்பது வயது வரை ஓட்டம். அதற்காகப் போன அக்டோபரில் வாஷிங்டனிலிருந்து கமிஷன்காரர்கள் வந்து தீயணைப்பு நிலைய மண்டபத்தில் பொதுக்கூட்டம் வைத்தார்கள், யார் வேண்டுமானாலும் பேர் கொடுத்து மூன்று நிமிடம் பேசலாம். சென்ற முறை நீட்டித்தபோது இதே மண்டபத்தில் அப்பா பேசியது உனக்கு நினைவிருக்காது, நீ என் மடியில் தூங்கிவிட்டாய். நான் ஒட்டவைத்த குழாய் என்னைவிட அதிக நாள் இருக்கும் என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார், மண்டபமே கைதட்டியது. இந்த முறை பெவ் சித்தியை அப்பாவோடு உட்காரவைத்துவிட்டு நான் போனேன். நிலையத்தில் வேலை செய்கிற தொழிற்சங்கத்து ஆட்கள் எல்லாரும் ஒரே பச்சைச் சட்டையில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், டுவேன் சித்தப்பாவும் அவர்கள் நடுவில். எதிர்ப்பவர்கள் வலப்பக்கம், நம் தெருவின் ஃபெர்ன் அக்கா முதல் வரிசையில், தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் இந்த மாதிரிக் கூட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. பின்னால் பூயா சூப் ஒரு பெரிய அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது, அதற்கு மட்டும் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும், சர்ச்சில் அறிவிப்பு வாசிக்கச் சொன்னாலே பக்கத்தில் இருப்பவளிடம் தாளைத் தள்ளிவிடுவேன். ஆனால் ஒரு கேள்வி அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து என்னோடு இருக்கிறது, காய் நறுக்கும்போது, காரை ஓட்டும்போது, எப்போதும். மைக்கைப் பிடித்து, நான் நிலையத்துக்கு எதிரி இல்லை, என் கணவர் அங்கே வெல்டராக இருந்தவர் என்று முதலில் சொன்னேன். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன், நிலையத்தில் விபத்து என்று சைரன் நிஜமாக ஒலித்தால் நான் பிள்ளைகளோடு பஸ்ஸில் ஏறி மேற்கே போக வேண்டும், அது எங்கள் பள்ளி விதி, அந்தச் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு என்னாலும் வர முடியாது. என் கணவர் ஏரிக்கரைச் சாலையில் படுக்கையில் இருக்கிறார், அவரைத் தூக்கும் பட்டையில் கட்டி எடுக்கத்தான் முடியும். கிழக்கே வருகிற சாலையை அப்போது மூடிவிடுவீர்கள், அவரிடம் யார் வருவார்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான், மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

பதில் சொன்னது கமிஷனிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், கையிலிருந்த தாளைப் பார்த்தே வாசித்தாள், எனக்கே பாவமாக இருந்தது. அவசரகாலத் திட்டத்தை அவர்கள் எப்போதும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்களாம், அதனால் இந்தப் பரிசீலனையில் அதைப் பார்க்க மாட்டார்களாம். இதில் பார்ப்பது இரண்டுதானாம், நிலையத்துக்கு வயதாவதும், ஏரிக்கும் சுற்றுப்புறத்துக்கும் என்ன ஆகும் என்பதும். குழாய்க்கு வயதாவதை அத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள், ஒட்டவைத்தவருக்கு வயதாவது அவர்கள் வேலை இல்லை. கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண் தனியாக என்னைத் தேடி வந்து மாவட்ட அலுவலகத்தின் போன் நம்பரைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டாள். அந்த நம்பர் எனக்கு மனப்பாடம், நான் கூப்பிடும்போதெல்லாம் அவர்கள் அப்பா பெயரைப் பதிந்திருப்பதாகவும், சாலை நிலவரத்தைப் பொறுத்துப் பக்கத்து மாவட்டத்து ஆம்புலன்ஸ் வரும் என்றும் சொல்வார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை, நன்றி என்று வாங்கிக்கொண்டேன்.

நான் செய்த தவறு கேட்டதில் இல்லை, எனக்குக் கைதட்டியவர்களில் இருந்தது. நான் உட்கார்ந்ததும் வலப்பக்கம் மட்டும் எழுந்து நின்று தட்டினார்கள், இடப்பக்கம் ஒரு கைகூட அசையவில்லை. அந்த ஒரு நொடியில் ஊர் என்னை அந்தப் பக்கத்தில் சேர்த்துவிட்டது. மறுநாள் கடையில் பில் போடுகிறவள், நீயும் அந்தப் பக்கமா டார்லா, சொல்லவே இல்லையே என்று பாலைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டாள். சமையலறையில் இரண்டு நாள் என்னோடு பேச்சு குறைவாக இருந்தது. அதெல்லாம் பழகிவிடும். ஆனால் அந்தச் சனிக்கிழமை அப்பாவைக் குளிப்பாட்ட உன் சித்தப்பா வரவில்லை.

அப்பா விழுந்த நாளிலிருந்து ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் வந்தவர் அவர். நான் கூப்பிட்டேன், பெவ் சித்தி எடுத்து ஷிப்ட் மாறிவிட்டது என்றாள், சொல்லும்போதே அவள் குரலில் பொய் தெரிந்தது, நான் கேட்டுக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை, அதற்கடுத்ததும் இல்லை. நானே ஈரத்துணியால் துடைத்துவிட்டேன், முதுகைத் திருப்பும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்பா சனிக்கிழமை காலையில் சக்கர நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளச் சொல்லிக் கையைக் காட்டுவார், வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். யார் வருவார்கள் என்று ஊரைக் கேட்கப் போய், வந்துகொண்டிருந்த ஒருவரையும் இழந்துவிட்டேனே என்று எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

நவம்பரில் முதல் பெரிய பனி விழுந்து பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்த நாள், அந்த மாதத்தின் முதல் புதன்கிழமை, நிலையத்தின் காலண்டரில் சைரன் சோதனை என்று சிவப்பாகப் போட்டிருக்கும் நாள். பதினொன்றரைக்கு டுவேனின் டிரக் வந்து நம் வாசல் பனியைத் தள்ள ஆரம்பித்தது. கண்ணாடிக்குப் பின்னால் முகம்கூடத் திருப்பவில்லை, தள்ளிவிட்டு அப்படியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். சரியாகப் பன்னிரண்டுக்கு சைரன் எழுந்தது, நம் வீட்டுக்கு எத்தனை பக்கத்தில் அந்தக் கம்பம் இருக்கிறது என்று உனக்குத் தெரியும், தட்டெல்லாம் அதிரும். அவர் டிரக்கை நிறுத்தி, அது ஓயும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி உள்ளே வந்து, பூட்ஸ்கூடக் கழற்றாமல் அப்பா கட்டில் பக்கத்தில் நின்றார்.

"அண்ணி, நீங்க பேசினதுல எனக்குக் கோவமில்ல," என்றார். "இந்தச் சத்தம் நிஜமா வந்தா ஊரே வெளிய ஓடும், நான் மட்டும் பிளான்டுக்குள்ள இருக்கணும். என் வேலையே அதுதான். யாரு வருவாங்கன்னு நீங்க கேட்டீங்க, மத்தவங்க வருவாங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் வரமாட்டேன். அது தெரிஞ்சுக்கிட்டே அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன் அண்ணி. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சனிக்கிழமை வந்து அண்ணனுக்கு முதுகு தேய்க்கிறது?"

அப்பாவுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு மிஞ்சியிருக்கிற ஒரே வார்த்தையை அப்பா சொன்னார், போடா என்றார். பிறகு நல்ல கையால் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்று புதன்கிழமையிலேயே குளியல் நடந்தது, எனக்கு வெந்நீர் சுமக்கும் வேலைகூடக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் நான் எதிர்பாராதது. நிலையத்தின் பெயர் போட்ட அதே ஜாக்கெட்டோடு நேரே ஃபெர்ன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார், அறுபது வயது போதும் என்று வாசலில் பெரிதாகப் பலகை வைத்திருக்கிறாரே, அதைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். பிளான்டுக்கு ஆதரவா கையெழுத்து வாங்க வந்திருக்கான்னு நினைச்சேன், நாயை அவிழ்த்து விடலாம்னு பார்த்தேன், அப்புறம் பார்த்தா முகம் அழுத மாதிரி இருக்கு என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். நம் சாலையில் பகல் முழுக்க வீட்டில் இருப்பவர்களில் ஒரு ஆளைத் தூக்கத் தெம்புள்ளவர் அவர் ஒருவர்தான், நம்மிடமிருந்து நாலு வீடு தள்ளி, வேனும் இருக்கிறது, சாலையை மூடினாலும் அவர் ஏற்கனவே உள்ளே இருப்பவர். அடுத்த சனிக்கிழமை இருவரும் சேர்ந்தே வந்தார்கள். பட்டையை எப்படி முதுகுக்கு அடியில் நுழைப்பது, எந்தக் கொக்கியை முதலில் மாட்டுவது என்று டுவேன் காட்டக் காட்ட, ஃபெர்ன் அக்கா, முப்பது வருஷம் தபால் மூட்டை தூக்கினவ நான், உன் அண்ணனைத் தூக்க மாட்டேனா, நீ உன் பிளான்டைப் பார்த்துக்கோ என்கிறார். "மூட்டை உங்களைப் போடான்னு சொல்லாது அக்கா, இது சொல்லும்," என்றார் டுவேன். அப்பா சொல்லியும் விட்டார். அப்பா சிரித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது தெரியுமா, பட்டையில் தொங்கிக்கொண்டே சிரித்தார், நான்தான் விழுந்துவிடுவாரோ என்று ஓடிப்போய்க் காலைப் பிடித்துக்கொண்டேன். இப்போது ஒவ்வொரு சோதனை சைரனுக்கும் ஃபெர்ன் அக்கா வந்து அப்பாவை வேனில் ஏற்றி, நம் தெருமுனை வரை கொண்டுபோய்த் திரும்புகிறார். நான் பள்ளியில் இருப்பேன், சைரன் கேட்கும், இப்போது கொக்கி மாட்டுகிறார், இப்போது கதவைச் சாத்துகிறார் என்று நினைத்துக்கொண்டே உருளைக்கிழங்கை மசிப்பேன்.

உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இதை எழுதவில்லை. ஃபெர்ன் அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது, போன மாதம் ஜுரம் வந்து படுத்திருந்தார், அந்தப் புதன்கிழமை யாரும் வரவில்லை. இருபது வருடத்துக்கு இது பதில் ஆகாது என்று எனக்கும் தெரியும். கமிஷனின் பதிலும் வந்துவிட்டது, நூற்றுக்கணக்கான பக்கம், அக்டோபரில் பேசியவர்கள் எல்லாரையும் தலைப்புத் தலைப்பாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். நான் எதிரி இல்லை என்று சொன்னதை ஆதரவுக் கருத்து என்று ஒரு பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், அப்பாவைப் பற்றிக் கேட்டதை வேறொரு பக்கத்தில் இந்தப் பரிசீலனையின் வரம்புக்கு வெளியே என்று வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவள் நான்தான் என்பது அதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அலுப்பாக இருந்தது, கோபம்கூட வரவில்லை, மூடி வைத்துவிட்டுத் துணி மடித்தேன்.

அந்த வாரத்தில்தான் உன் கடிதமும் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதல் தடவை படித்தபோது அப்பாடா என்றுதான் இருந்தது, நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. இரண்டாம் தடவை படித்தபோது பயம் வந்தது. நம் வீட்டில் முதல் பட்டம் உன்னுடையது, உன் படத்தை அந்தக் காலண்டருக்கு மேலேதான் மாட்டியிருக்கிறேன். நீ வந்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டார்லாவின் மகள் வந்துவிட்டாள், இனிக் கவலையில்லை என்று மாவட்ட அலுவலகமும் கடைக்காரியும் எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள், அவர்களிடம் நான் கேட்டது கேட்டதாகவே இருக்காது. இந்தச் சாலையில் படுக்கையில் இருப்பது அப்பா ஒருவர் மட்டும் இல்லை, அவர்களுக்கெல்லாம் கோடியாக்கில் மகள் இல்லை. அந்த மண்டபத்தில் இருந்தவர்களிடம் நான் கேட்டதற்கு, அங்கே இல்லாத நீ பதில் சொல்லாதே கண்ணு. கோடையில் இரண்டு வாரம் வா, இருந்துவிட்டுப் போ, வேலையை விடாதே.

மே மாதம் இரண்டாவது கூட்டம் வைக்கிறார்கள். போய் அதையே திரும்பக் கேட்கப் போகிறேன், அதே பதில்தான் வரும், ஆனாலும் இன்னொரு தடவை எழுதிக்கொள்ளட்டும். டுவேன் சித்தப்பா காரில் அழைத்துப் போகிறாராம், பச்சைச் சட்டை போடுவாரா என்று கேட்டேன், போடுவேன் அண்ணி, ஆனா உங்க பக்கத்துலதான் உட்காருவேன் என்றார். அன்று மாலை அப்பாவோடு இருக்கப்போவது ஃபெர்ன் அக்கா. உங்கள் மூன்று நிமிடம் போய்விடுமே என்றேன், ஒரு கூட்டத்தைக்கூட விட்டதில்லையே என்றேன். இந்தத் தடவை நீ மட்டும் பேசு, நான் இங்க வேலையா இருக்கேன் என்று சொல்லிவிட்டார்.

உனக்கு எல்லா நலமும் கிடைக்கட்டும், உன் கைக்கு வருகிற மீன் குறையாமல் இருக்கட்டும், கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். வண்டிக்குப் புது டயர் மாற்று, தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அப்பாவிடம் மெதுவாகப் பேசு, அவருக்கு எல்லாம் புரிகிறது. உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன், வேலையை விட்டு வருகிறேன் என்ற இடத்தில் அந்த ஒரே வார்த்தையைத்தான் சொன்னார். அவரிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான், அதைத்தான் நம் எல்லாருக்கும் பங்கு வைக்கிறார், உன் பங்கை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

உன் அன்பு அம்மா
டார்லா