பால்புட்டியில் அளந்த தண்ணீர்

அன்புள்ள சித்தப்பா,

இன்று காலை அம்மா பரணிலிருந்து அந்தக் கண்ணாடிப் பால்புட்டியை இறக்கினாள். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. புட்டியின் கோடுகள் பாதி தேய்ந்திருந்தன. தேய்த்தது என் விரல்தான்.

தம்பிக்கு வாங்கிய புட்டி அது. உங்கள் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுப்போன பிறகு உங்களுடையதாயிற்று. வீட்டில் அளவுக்கோடு போட்ட பாத்திரம் வேறு இல்லை. ஒரு நாளைக்கு மூன்று புட்டித் தண்ணீர், அவ்வளவுதான். தறிக்குழியில் காலை விட்டபடியே தம்ளரை நீட்டுவீர்கள்.

"இன்னாபா, இன்னும் பால்குடி மறக்கலியா?" என்று எதிர்வீட்டு மாமா வம்புக்கு இழுப்பார்.

"பல்லு மொளைக்கட்டும், மறந்துடறேன்" என்பீர்கள்.

வாரம் இருமுறை பஸ் பிடித்துச் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய், இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவீர்கள். உடம்பில் தேங்கிய நீரெல்லாம் எடுத்த பின் நிற்பதுதான் உலர் எடை என்று அங்கே நர்ஸம்மா சொன்னதும் உங்களுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "பட்டும் அப்படித்தாம்மா. ஈரத்தோட நிறுத்தா அது பட்டோட எடையே இல்ல." தினமும் காலையில் அரிசி மண்டித் தராசில், மூட்டைகளுக்கு நடுவே ஏறி நிற்பீர்கள். நான் நோட்டில் எழுதுவேன்.

மூன்று புட்டிக்கு மேல் நான் ஊற்றியதில்லை. ஆனாலும் சென்னைக்குப் போகும்போதெல்லாம் நான்கு கிலோ ஏறியிருந்தது. டாக்டர் கோபித்துக்கொண்டார். "திருட்டுத்தனமா குடிக்கிறே. அடுத்த வாரமும் இப்படியே வந்தா உன் இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். எத்தனையோ பேர் காத்திருக்காங்க."

இயந்திரம் இல்லாமல் நீங்கள் ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"சத்தியமா குடிக்கலமா" என்றீர்கள். நானும் நம்பவில்லை, சித்தப்பா. குடத்தைச் சமையலறையில் வைத்துப் பூட்டினேன். நீங்கள் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் மண்டியில் நிறுத்துவிட்டு வந்து சாப்பிட்டீர்கள். என் சந்தேகம் தீரவில்லை. மறுபடியும் இழுத்துப் போனேன்.

"இன்னா பாப்பா, அதுக்குள்ள ஊதிட்டாரா?" என்று மண்டிக்காரர் சிரித்தார். ஒரு கிலோ கூடியிருந்தது! நான் உங்களை விட்டு நகரவேயில்லை. தண்ணீர் ஒரு வாய்கூட நீங்கள் குடிக்கவில்லை. உள்ளே போனது ஒரு சட்டி பழைய சோறு மட்டும்தான்.

வீட்டுக்கு ஓடினேன். அதே சட்டியில் அதே அளவு சோற்றை எடுத்து, வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தேன். ஒரு புட்டி நிறைந்தது. இரண்டாவதும் நிறைந்தது. சட்டியில் இன்னும் தண்ணீர் மிச்சம் இருந்தது.

"அது சோறுமா! தண்ணி எப்படி ஆவும்?" என்றீர்கள்.

அதுதான் விஷயம். மத்தியான மோர், ராத்திரி ரசம் எதையுமே நம் வீட்டில் யாரும் தண்ணீராக நினைத்ததில்லை. தண்ணீர் என்றால் குடத்தில் இருப்பது.

அன்றிலிருந்து வடித்த சோறும் கெட்டித் துவையலும்தான். உப்பையும் அம்மா குறைத்தாள். அடுத்த முறை நானும் உங்களோடு சென்னைக்கு வந்தேன். தராசு முள் நின்ற இடத்தை நர்ஸம்மா இரண்டு தடவை பார்த்தார். இரண்டு கிலோகூட ஏறவில்லை. டாக்டர் என் நோட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"யார் எழுதினது?"

"அண்ணன் பொண்ணு சார். எட்டாவது படிக்குது." பிறகு மெதுவாகக் கேட்டீர்கள். "நான் திருடல, இல்ல சார்?"

"இல்லப்பா. காலையில என்ன சாப்பிடறேன்னு நான்தான் கேட்கல" என்றார். அங்கேயே நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, இனி எல்லோரிடமும் பழைய சோறு உண்டா என்று கேட்கச் சொன்னார்.

திரும்பும்போது பஸ் முழுக்கக் கதை சொன்னீர்கள். கண்டக்டரையும் விடவில்லை. மறுநாள் மண்டித் தராசில் மாப்பிள்ளை மாதிரி நின்றீர்கள்.

அதன்பின் ஒன்பது மாதம் இருந்தீர்கள். ஒரு நாள் தறியில் உட்கார்ந்தபடியே நெஞ்சு நின்றுபோனது. அந்த வாரம்வரை இயந்திரத்தில் உங்கள் இடம் உங்களுடையதாகவே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

புட்டியைக் கழுவி நானே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் யாராவது "நான் செய்யலை" என்று சொன்னால், நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, சித்தப்பா. அவருடைய தட்டைப் பார்க்கிறேன்.