நூற்று நாற்பத்தொன்றாவது பதிவு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, வரைபடப் பிரிவிலிருந்து ஃபோன். சர்வரில் இருக்கும் பொது ஃபோல்டர் திறக்கவில்லையாம். வெள்ளைச்சட்டை என் மேசைக்கே வந்து நின்றான். என்னைவிட ஏழு வயது இளையவன், என்னைத் தாண்டி மேலாளர் ஆனவன். "சர்வர் படுத்துடுச்சா சார்?" இந்த ஆபீசில் படுக்காமல் வேலை செய்வது அது ஒன்றுதான்.

கோளாறு வரைபடக்காரம்மாவின் கணினியில். வெள்ளிக்கிழமை கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார். கணினியோ பழையதையே நீட்டிக்கொண்டிருக்கிறது, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, நொடி பிசகாமல். சர்வர் அத்தனை முறையும் மறுத்துப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறது. பழையதை அழித்துப் புதியதைக் கொடுத்தேன். திறந்தது. "இவ்வளவுதானா சார்?" என்றார். இவ்வளவுதான். இருபத்தாறு வருடமாக இவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

வீட்டு அலமாரியில் இருக்கும் சின்ன சர்வரின் பதிவேட்டையும் இன்று பார்த்தேன். அம்மாவின் குரல் அதில்தான் இருக்கிறது. வாதம் வந்து நாக்குப் புரளாமல் போனபோது, பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், தினம் ஒரு நிமிடம் எதையாவது பேசிப் பதிவு செய்யச் சொன்னாள். நூற்று நாற்பத்தொரு நாள் பதிவு செய்தேன். வெளியூரில் இருக்கும் தங்கையும் கேட்கட்டும் என்று வழி செய்து கொடுத்ததும் நான்தான். அம்மா போன மறு வாரம் தங்கையின் கடவுச்சொல்லை மாற்றியதும் நான்தான்.

பதிவேடு முழுக்க அவள் பெயரில் மறுப்புகள். பதினொரு மாதமாக. அவள் கணினியும் பழையதையே நீட்டுகிறது போல. நீட்டட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

இது கணினி இல்லை.

கணினி என்றால் கணக்காகத் தட்டும். இது அப்படியில்லை. ஒரு ஞாயிறு 4.12, 4.13, 4.20. பிறகு எட்டு நாள் ஒன்றுமில்லை. அம்மாவின் பிறந்தநாளன்று இருபத்து மூன்று முறை. போன டிசம்பரிலிருந்து கணினியின் பெயரே வேறு. புதுக் கணினிக்குப் பழைய கடவுச்சொல் எப்படித் தெரியும்? ஒரு மனுஷி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக யோசித்து, அடித்துப் பார்த்திருக்கிறாள்.

ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாமே? அத்தனை ரோஷம். இரண்டு வருடம் குளிப்பாட்டியது யார், ஊட்டியது யார், படுக்கையைத் துவைத்தது யார்? ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் யோசனை சொன்னவளுக்குக் குரல் மட்டும் வேண்டுமாம்.

மார்ச் 10, திங்கள்

திறக்கவில்லை. அவளாகக் கேட்கட்டும்.

மார்ச் 15, சனி

தங்கை மாப்பிள்ளை கூப்பிட்டார். அம்மாவின் காரியத்துக்குப் பிறகு முதல் தடவை. தங்கைக்கு ஒரு காது போன வருடமே போய்விட்டதாம். இன்னொன்றும் போய்க்கொண்டிருக்கிறது, காதுக்கருவி வைத்தும் பாதிதான் விழுகிறதாம். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"காது இருக்கும்போதே அத்தை குரல ஒரு தடவை கேக்கணும்னு கெடக்குறா மச்சான். உங்ககிட்ட கேக்கச் சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீங்க அவகிட்ட பேசக்கூட வேணாம், அதை மட்டும் திறந்து விடுங்க."

சரி என்றேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பழைய கடவுச்சொல்லையே திரும்பக் கொடுத்தேன். மாலை அவள் முயற்சி வந்தது. மறுப்பு. பல முறை தவறினால் அந்தக் கணினியின் முகவரியையே தடுத்துவிடும்படி நான்தான் எப்போதோ அமைத்திருக்கிறேன். தடையை எடுத்தேன். அப்போதும் இணையவில்லை. அவளுடைய புதுக் கணினி, என் சர்வரின் பழைய இணைப்பு முறையை ஏற்க மறுக்கிறது. ஆபீசில் யார் கூப்பிட்டாலும் முதலில் எதிர்முனையைத்தான் சந்தேகிப்பேன். இங்கே ஒவ்வொரு பூட்டும் இந்த முனையில்.

மார்ச் 19, புதன்

மூன்று மாலைகள். சர்வரின் மென்பொருளையே புதுப்பிக்க வேண்டியிருந்தது. பாதியில் நின்றுபோனபோது அத்தனையும் போயிற்றோ என்று ஃபைல்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். போகவில்லை.

6.40. இணைப்பு ஏற்கப்பட்டது.

மார்ச் 20, வியாழன்

அவள் திறந்த ஃபைல்களைப் பார்த்தேன். ஒன்று: ஐந்து நொடி. மூடிவிட்டாள். இரண்டு: நான்கு நொடி. மூன்று. நான்கு. இப்படியே நூற்று நாற்பத்தொன்று வரை. எதையும் பத்து நொடிக்கு மேல் வைத்திருக்கவில்லை. அம்மாவின் குழறல் எனக்கே பாதி புரியாது. தன் காதுக்கு எட்டுகிற ஒன்றாவது இருக்குமா என்று தேடியிருக்கிறாள்.

இல்லை.

பத்து நாள் முன்னால் திறந்திருந்தால்? ஆறு மாதம் முன்னால்?

மார்ச் 23, ஞாயிறு

கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிறேன். அம்மா சொன்னது சொன்னபடியே. ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து ஃபைல். "இன்னைக்கு... குழாய்ல... தண்ணி வரல. வந்தா மட்டும்... நானா போய்ப் புடிக்கப்போறேன்." இது பன்னிரண்டு. சிரித்தேன். பிறகு தட்டச்சு செய்ய முடியவில்லை.

தங்கையின் கணக்குக்கு எழுதவும் அனுமதி கொடுத்தேன். ஏனென்று தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

தொண்ணூறு வரை முடிந்தது. தினம் மாலை ஆறு மணிக்கு சர்வருக்குள் வருகிறாள். ஒவ்வொன்றும் இருபது நிமிடம், முப்பது நிமிடம் திறந்தே இருக்கிறது. நாலு வரிதான்.

ஏப்ரல் 12, சனி

நூற்று நாற்பது முடிந்தது.

கடைசியை இதுவரை நான் திரும்பக் கேட்டதே இல்லை. இன்று கேட்டேன்.

"சின்னவளப் பாக்கணும்டா... வரச் சொல்லு." அப்புறம் என் குரல். "சரிம்மா, சொல்றேன்."

சொல்லவில்லை. அன்று மாலை தங்கை கூப்பிட்டாள், வரட்டுமா என்று கேட்டாள். அவசரம் ஒன்றுமில்லை என்றேன். கடைசி நாலு நாள் வந்து உட்கார்ந்து நல்ல பேர் வாங்கிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். இவ்வளவு அசிங்கமான நினைப்பு, எழுதினால் ஒரு வரிதான் வருகிறது. ஐந்தாம் நாள் அம்மா இல்லை. வந்தவள் எல்லார் முன்னாலும் ஏன் சொல்லல என்று கேட்டாள். உனக்கு வர மனசில்ல என்றேன். அதையே நானும் நம்பிக்கொண்டு ஒரு வருடம் ஓட்டிவிட்டேன்.

அவளுக்கு இனி கேட்காது. அந்த இரண்டு வரியை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 13, ஞாயிறு

தட்டச்சு செய்தேன். அம்மா சொன்னதையும். நான் சொன்னதையும்.

ஏப்ரல் 14, திங்கள்

6.05க்குத் திறந்தாள். 8.30 வரை மூடவில்லை. மூடியபோது ஃபைலில் ஒரு வரி கூடியிருந்தது.

"நான் அன்னைக்குப் பெட்டி கட்டி வெச்சுட்டுத்தாண்ணா உனக்கு ஃபோன் பண்ணேன்."

ஏப்ரல் 17, வியாழன்

மூன்று நாளாக அவள் வரவில்லை. அந்த வரிக்குக் கீழே என்னென்னவோ அடித்து அடித்து அழித்தேன். கடைசியில் விட்டது இவ்வளவுதான்: "அம்மா உன்னக் கேட்டா. நான்தான் சொல்லல."

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று மாலை 4.12க்கு நூற்று நாற்பத்தொன்று திறக்கப்பட்டிருக்கிறது. ஒரு மணி நேரம். எதுவும் சேர்க்கவில்லை. எதையும் அழிக்கவில்லை.