நத்தை அனுப்பிய திருத்தங்கள்

மார்ச் 4

தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பாரம் தூக்கும் கயிறுகளுக்குக் கணக்குப் போட நான் எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கும் மென்பொருள் உனக்குத் தெரியும். அதன் விளக்கப் பக்கங்களுக்குச் சில வாரங்களாக ‘நத்தை’ என்று ஒருவர் திருத்தம் அனுப்புகிறார். செத்துப்போன இணைப்புகளுக்குப் புது முகவரி, உடைந்து கிடந்த சமன்பாடுகளுக்கு ஒட்டு வேலை. உன்னை நத்தை என்று கூப்பிட்டது உலகத்திலேயே நான் ஒருத்திதான். பள்ளிக்கு ஒருநாளாவது நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறாயா?

அப்பாவின் வீட்டை விற்க நான் கையெழுத்துப் போட மறுத்ததிலிருந்து என்னோடு பேசாதவன், இப்போது என் பக்கங்களைச் சரிசெய்ய வருகிறாய். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்கும் தெரியும். என்ன வேண்டும், நேராகச் சொல்.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஓநாய் எழுதுகிறேன்.

எங்கள் வேலைத்தளத்தில் எந்தப் பாரத்துக்கு எந்தக் கயிறு என்று முடிவு செய்வது நான். கைபேசியில் உன் பக்கத்தைத்தான் திறக்கிறோம். சமன்பாடு இருக்க வேண்டிய இடத்தில் டாலர் குறியும் சாய்கோடுமாக வருகிறது. கிரேன் ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்து, “என்னப்பா, உங்க அக்கா கணக்கு சொல்றாங்களா, திட்டுறாங்களா?” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறேன், அவ்வளவுதான். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டேனா?

முட்டிவலி எப்படி இருக்கிறது? அடிக்கடி மாடி ஏறாதே.

உன் தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

கேட்காததுதான் உறுத்துகிறது. கேட்டிருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நீ அனுப்பியதை எல்லாம் மூன்று தடவை சரிபார்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறேன். இதுவரை ஒரு பிழையும் அகப்படவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நிஜமாகவே படித்துத் திருத்துகிறாயா, என் மனதை இளக்குவதற்கு வேஷம் போடுகிறாயா என்பது சீக்கிரம் தெரிந்துவிடும்.

முட்டிக்கு மருந்து தடவுகிறேன். நீ வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

அக்கா

மார்ச் 30

தம்பிக்கு,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து எந்தத் திருத்தமும் இல்லை. அதற்குள் அலுத்துவிட்டதா? நான் நினைத்தது சரிதான்போல.

சாய்ந்த கயிறுகளைப் பற்றிய பக்கத்தைப் பார்த்தாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

பார்த்தேன்.

இரண்டு கயிறுகளைச் சாய்வாக மாட்டித் தூக்கும் கணக்கில், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி இருந்தது. எனக்கு உறுத்தத்தான் செய்தது. யார் மாற்றியது என்று அந்தப் பக்கத்தின் மாற்றப் பட்டியலில் தேடினேன். நீ, மார்ச் பதினாறு. அக்கா கை வைத்திருந்தால் காரணம் இருக்கும் என்று அப்படியே கணக்குப் போட்டேன். மெல்லிய கயிறே போதும் என்று வந்தது. செவ்வாய்க்கிழமை ஓர் இரும்புச் சட்டத்தைத் தூக்கினோம். ஆள் உயரம் தாண்டியதும் கயிறு அறுந்தது. கொக்கி மாட்டுகிறவர் அப்போதுதான் அங்கிருந்து நகர்ந்திருந்தார்.

அன்று மாலை உன் கடிதம் வந்தது. அந்தப் பெருக்கல் குறி, நான் நிஜமாகவே படிக்கிறேனா என்று பார்க்க நீ வேண்டுமென்றே வைத்த பொறி என்று அதைப் படித்த பிறகுதான் புரிந்தது.

உன்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. என் கணக்குத்தான் தப்பு என்று சொன்னேன். இனி அங்கே கயிறு தேர்ந்தெடுப்பது வேறொருவர். என்னைச் சந்தேகப்பட்டாய், சரி, அதை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தப் பக்கத்தை ஊரெல்லாம் படிக்கிறது, அக்கா.

என்ன வேண்டும் என்று கேட்டாய். நாம் மறுபடி பேசிக்கொள்ள வேண்டும் என்றுதான் வந்தேன். எழுதக் கூச்சமாக இருந்தது. இப்போது அந்த ஆசையும் போய்விட்டது.

பெருக்கலை எடுத்துவிட்டு வகுத்தலைப் போட்டு அனுப்பியிருக்கிறேன். இதுதான் என் கடைசித் திருத்தம். வழக்கம்போல மூன்று தடவை சரிபார்த்துக்கொள். ஆனால் இன்றைக்கே ஏற்றுக்கொள். நாளைக் காலையில் எங்கேயோ, உன்னை நம்பி, யாரோ பாரம் தூக்குவார்கள்.

நத்தை