மற்ற ஏழு பேரும் அசையவில்லை

மார்ச் 3

அன்புள்ள தவளைக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ஒரே வரியில் பதில் போடுவாய். இந்தக் கஞ்சத்தனம் யாரிடம் கற்றாயோ! உலகப் போட்டிக்கு நீ தேர்வான செய்தியைப் பேப்பரில் பார்த்தேன். டிக்கெட் எடுத்தாயிற்று, கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். ஆறு வயதில் உன்னைத் தண்ணீரில் இறக்கியவன் நான். ஊரே நேரில் பார்க்கும்போது நான் மட்டும் டிவி முன்னால் உட்கார வேண்டுமா? உன் அம்மாவுக்கு விமானம் என்றாலே பயம். அவள் வரவில்லை.

அன்புடன்,
அப்பா


மார்ச் 15

அன்புள்ள அப்பா,

கோபித்துக்கொள்ளாதீர்கள், வராதீர்கள். வந்தே தீருவேன் என்றால், தயவுசெய்து சீட்டியடிக்காதீர்கள். வாயில் விரல் வைத்து நீங்கள் அடிக்கும் சீட்டிக்குத்தான் பத்து வருஷம் பாய்ந்தேன். இங்கே மின்கருவியின் ஒலிக்குப் பாய வேண்டும். அதற்கு என் காலைப் பழக்குவதற்குள் பயிற்சியாளருக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. இன்றும் தெருவில் யாராவது சீட்டியடித்தால் முழங்கால் துடிக்கிறது. சிரிக்காதீர்கள். ஒலிக்கு முன்னால் பாய்ந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். என் வயதில் இன்னொரு உலகப் போட்டி கிடைக்காது, அப்பா.

உங்கள் மகள்


மே 9

அன்புள்ள தவளைக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். ஹோட்டலில் என்னைப் பார்க்க மறுத்துவிட்டாய், அதனால் எழுதுகிறேன். சீட்டியடிக்க மாட்டேன் என்று போனில் உனக்குக் கொடுத்த வாக்கை மறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அரங்கம் அடங்கியது, நீ மேடையில் குனிந்தாய். விரல் எப்படி வாய்க்குப் போனது என்று சத்தியமாகத் தெரியவில்லை.

"சொன்னா கேக்கற ஆளா நீங்க? பெத்த பொண்ணு தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டு வந்து நிக்கிறீங்க!" என்று கதவைத் திறந்ததுமே அம்மா கத்தினாள். நியாயம்தான். ஆனாலும் உன்னிடம் மறைப்பானேன், இத்தனை வருத்தத்திலும் ஒரு ஓரத்தில் பெருமையாகவும் இருந்தது. எந்த நாட்டுக்குப் போனாலும் உன் கால் என் சீட்டிக்குத்தான் கட்டுப்படுகிறது, பார்த்தாயா!

இரண்டு வரியாவது எழுது.

அன்புடன்,
அப்பா


ஜூன் 2

அப்பாவுக்கு,

என்னைப் போட்டியிலிருந்து வெளியேற்றியதை எதிர்த்து முறையீடு செய்தோம். "சத்தம் எல்லாருக்கும்தானே கேட்டுது? மத்த ஏழு பேரும் அசையலையே, உங்களுக்கு மட்டும் என்ன ஆச்சு?" என்று நடுவர் கேட்டார். சொன்னால் உங்கள் பெயர் நாறும். பதற்றத்தில் பாய்ந்துவிட்டேன் என்றேன். முறையீடு தள்ளுபடியானது.

உங்களை அறையில் பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அதனால்தான் பார்க்கவில்லை. கோபம் அப்போது வரவில்லை. பெருமை என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்த பிறகுதான் வந்தது. அது என் கால், அப்பா.

இன்னும் ஒரு வருஷம் நீந்தப் போகிறேன். பேப்பரில்கூட வராத சின்னப் போட்டிகள்தான். எங்கே, எப்போது என்று உங்களுக்கு எழுத மாட்டேன். அம்மாவுக்கும் சொல்லப் போவதில்லை. உங்களிடம் எதையும் மறைக்கத் தெரியாதவள் அவள்.

பிரஷர் மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். பதில் போட வேண்டாம். உங்கள் கடிதம் வந்து சேரும்போது நான் இந்த விலாசத்தில் இருக்க மாட்டேன்.

உங்கள் மகள்